தாத்தாவின் பத்மினியும் மகனின் ஆசையும்

கேள்வி: ஐயா, தாத்தா விட்டுச்சென்ற பிரீமியர் பத்மினி கார் இன்றும் ஓடுகிறது. மகன் அதைத் தள்ளிவிட்டுப் புதுக் கார் வாங்கச் சொல்கிறான். அந்தத் தகட்டின் கனம் இப்போதைய காரில் உண்டா?
– வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: தகட்டைத் தட்டிப் பார்த்து மயங்கியவர்களில் நானும் ஒருவன். புதுச்சேரி முத்தியால்பேட்டையில் முப்பது வருடம் ஸ்பானர் பிடித்த பிறகுதான் தெளிந்தேன். மோதினால் புதுக் காரின் முன்பக்கம் அப்பளமாக நொறுங்குகிறதே, அது குறையல்ல. நொறுங்கவே அப்படிச் செய்கிறார்கள். மோதலின் விசையை அது விழுங்கிவிடும். பழைய காரில் தகடு தாங்கும், அதிர்ச்சி உங்கள் நெஞ்சுக்கு வரும். ஏர்பேக்கும் கிடையாது.

ஆனால் பானெட்டைத் திறந்தால் பத்மினிதான் ராணி! 1,089 சி.சி. எஞ்சின், பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டர், தீப்பொறி தரும் பிளக், அந்தப் பொறிக்கான மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் பாயிண்ட் எல்லாம் கைக்கு எட்டும். பாயிண்டை உப்புத்தாளால் தேய்த்தே எத்தனை பேரை வீடு சேர்த்திருக்கிறேன்! புதுக் காரில் சென்சார் கோளாறு என்றால் கோளாறைப் படித்துச் சொல்லும் ஸ்கேனர் கருவி இல்லாமல் கைகட்டி நிற்க வேண்டியதுதான்.

இரண்டு வேலைகளை உடனே செய்யுங்கள். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வருகிறது. பழைய ரப்பரை அது கெடுக்கும். எரிபொருள் குழாய்களையும் பெட்ரோல் பம்புக்குள் இருக்கும் டயாஃப்ரம் என்ற சவ்வையும் மாற்றிவிடுங்கள். அடுத்து, கால்மிதியைத் தூக்கித் தரைத்தகட்டை அழுத்திப் பாருங்கள். கடலூர் உப்புக் காற்று தந்த துரு அங்கேதான் குடியிருக்கும்.

பேரக்குழந்தைகளோடு கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகப் புதுக் கார் வாங்குங்கள். ஞாயிற்றுக்கிழமை பண்ருட்டிக்குப் பலாப்பழம் வாங்கப் பத்மினி போதும். விற்பதாக இருந்தால் முதலில் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.