விலை குறைந்த கட்டானா வாள் தரமானதா என்று எப்படிப் பார்ப்பது?

கேள்வி கேட்ட தம்பி நல்லூரில் இருக்கிறார். கனடாவில் இருந்து வரும் அத்தான் கட்டானா என்ற ஜப்பானிய வளைந்த வாள் ஒன்றை வாங்கிவரத் தயாராம். விலை 200 அமெரிக்க டொலருக்குள். விற்பவர் “1060 உருக்கு, கையால் அடித்தது, ஆயிரம் தடவை மடித்தது, உண்மையான ஹமோன்” என்று எழுதியிருக்கிறார். ஹமோன் என்பது அலகின் வாயை ஒட்டி ஓடும் வெண்கோடு. இதையெல்லாம் நம்பலாமா, கையில் கிடைத்ததும் எப்படிச் சோதிப்பது என்று கேட்டிருக்கிறார்.

அந்த விலைக்குள் நல்ல வாளும் இருக்கிறது, வீசும்போது பக்கத்தில் நிற்பவரின் உயிரை எடுக்கக்கூடிய வாளும் இருக்கிறது. படத்தில் இரண்டும் ஒரே மாதிரித்தான் தெரியும். வித்தியாசம் பெரும்பாலும் பிடிக்குள் ஒளிந்திருக்கிறது. ஆகவே அலகின் மினுக்கத்தில் மயங்க முதல் பிடியைக் கழற்றிப் பாருங்கள். நான் ஜப்பானில் படித்த காலத்தில் இயாய்தோ என்ற வாள் கலையைப் பழகினேன். இங்கே வந்த பிறகும் வெளிநாட்டுச் சொந்தக்காரர் கொண்டுவந்த வாள்களைச் சிலர் என்னிடம் காட்டுவதுண்டு. அவற்றைக் கழற்றிப் பார்த்ததில் இருந்துதான் சொல்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடலாம். இந்த விலையில் ஜப்பானில் செய்த வாள் கிடைக்காது. அங்கே அனுமதி பெற்ற கொல்லர் மட்டும்தான் வாள் அடிக்கலாம். ஷிமானே மாகாணத்தின் தத்தாரா உலையில் இரும்பு மணலை உருக்கி எடுக்கும் தமஹகானே என்ற உருக்கில் அடித்து, மெருகிடுபவர், உறை செய்பவர் என்று பல கை மாறி வருவதால் ஒரு வாளின் விலையே பல ஆயிரம் டொலர். 200 டொலர் வாள்கள் பெரும்பாலும் சீனாவின் செஜியாங் மாகாணத்தில் உள்ள லொங்சுவான் என்ற ஊரில் இருந்து வருகின்றன. வாள் செய்வதில் பழைய பெயர் உள்ள ஊர் அது, அதனால் சீனத்துச் சாமான் என்று ஒதுக்கிவிட வேண்டாம். ஜப்பானில் செய்ததா என்ற கேள்வியை விட்டு, ஒழுங்காகச் செய்ததா என்று மட்டும் பாருங்கள்.

இனிப் பிடி. அலகின் பின்பகுதி வால் மாதிரி நீண்டு மரப்பிடிக்குள் போகும். ஜப்பானியர் அதை நகாகோ என்பார்கள். அதையும் பிடியையும் சேர்த்து வைத்திருப்பது சின்ன மூங்கில் ஆணி ஒன்று, பெயர் மெகுகி. ஒரு கிலோவுக்கு மேல் பாரமான வாளை முழு வேகத்தில் வீசும்போது அலகு பறந்து போகாமல் காப்பது அந்த ஆணியும் அது நிற்கும் மரமும்தான். மலிவு வாளில் செலவைக் குறைப்பவர்கள் கை வைக்கும் இடமும் இதுவே. வாங்குபவர் கண்ணுக்குத் தெரியாது அல்லவா.

கழற்றுவது கடினமில்லை. மெகுகி ஒரு பக்கம் பருத்து மறுபக்கம் சிறுத்திருக்கும். சிறுத்த பக்கத்தில் பித்தளைக் குச்சி ஒன்றை வைத்து மரச் சுத்தியலால் மெல்லத் தட்டினால் மற்றப் பக்கத்தால் வெளியே வரும். பிறகு பிடியின் அடிப்பகுதியை இடது கையால் பிடித்து, அலகு மேல் நோக்கிச் சற்றுச் சரிந்திருக்க, வெட்டுவாய் உங்களைப் பாராமல், வலது கை முட்டியால் இடது மணிக்கட்டில் குத்துங்கள். இரண்டு மூன்று குத்தில் அலகு உள்ளே இளகி மேலே எழும்பும். கைக்காப்புக்கு மேலே அலகைச் சுற்றி உள்ள பித்தளைக் கழுத்துப் பட்டையில் பிடித்து மெதுவாக இழுத்தால் வால் முழுவதும் வெளியே வந்துவிடும்.

இப்போது வடிவாகப் பாருங்கள். நல்ல வாலாக இருந்தால் அது அலகோடு ஒரே உருக்காக, கழுத்துப் பட்டைக்குக் கீழே அலகின் அகலத்துக்குக் கிட்டிய அகலத்தில் தொடங்கி, மெல்ல மெல்லச் சிறுத்துப் பிடியின் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்காவது போகும். எங்கும் ஒட்டு வேலை இருக்காது. மெகுகித் துளை வாலின் விளிம்புக்கு மிக அருகில் இருக்காது. கெட்ட வாளில் அகலமான அலகு சட்டென்று முடிந்து, விரல் தடிப்பில் ஒரு கம்பி வெல்டிங் செய்யப்பட்டு, அதன் நுனியில் மரை வெட்டி நட் பூட்டியிருக்கும். அப்படி ஒன்று கண்டால் அது சுவரில் தொங்க மட்டும்தான். பிள்ளைகள் எடுத்து வீசாதபடி உயரத்தில் தொங்கவிடுங்கள்.

பிசின் போட்டு ஒட்டியிருப்பதால் கழறவே மாட்டேன் என்கிற பிடியையும் நான் ஏற்கமாட்டேன். விற்பவர் எதையோ மூடியிருக்கிறார் என்றுதான் எடுத்துக்கொள்வேன். இரண்டு மெகுகி இருந்தால் இரட்டிப்புப் பாதுகாப்பு என்று விளம்பரம் செய்வார்கள். பழைய ஜப்பானிய வாள்களில் பெரும்பாலும் ஒன்றுதான், நன்றாக இறுகினால் ஒன்றே போதும். பிழையான இடத்தில் போட்ட இரண்டாவது துளை மரத்தைப் பலவீனமாக்கிவிடும். மெகுகி கைவிரலால் தள்ள வெளியே வந்தால் அது கெட்டது. மாற்றுவது சுலபம்: முற்றி நன்றாகக் காய்ந்த மூங்கிலின் வெளித்தோல் பக்கத்தில் நார் நெருக்கமாக இருக்கும், அதைச் சீவித் துளைக்கு இறுக்கமாகச் செதுக்கலாம். மூங்கில் நார் ஒரேயடியாக முறியாமல் கிழிந்து கிழிந்து முன்கூட்டியே காட்டிக் கொடுக்கும் என்பதால்தான் ஜப்பானியர் இரும்பு ஆணி போடவில்லை.

பிடியின் மரத்துக்குள் டோர்ச் அடித்துப் பாருங்கள். கைக்காப்பை ஒட்டிய வாயில் மயிரிழை வெடிப்பு இருக்கிறதா, வால் உட்காரும் குழி அளவாக இருக்கிறதா, இல்லை கடதாசியும் பசையும் அடைத்து இறுக்கியிருக்கிறார்களா என்று தெரியும். வெளியே திருக்கைத் தோலும் அதன் மேல் நாடாவும் சுற்றியிருக்கும். பெருவிரலால் நாடாவின் முடிச்சு ஒன்றைத் தள்ளிப் பாருங்கள். அசையக்கூடாது. தோல் பிளாஸ்ரிக்காக இருப்பது அழகுக் குறை மட்டும். நாடா வழுக்குவது ஆபத்து.

உருக்குக்கு வருவோம். 1060 என்றால் சாதாரணக் கரி உருக்கு, கரி 0.60 சதவீதம் அளவில். 1045 என்றால் 0.45, 1095 என்றால் 0.95. கரி கூடினால் கூர் கனகாலம் நிற்கும், ஆனால் சூடேற்றித் தோய்ப்பதில் பிழை விட்டால் உடையும் வாய்ப்பும் கூடும். மலிவு வாளில் 1060 நல்ல நடுத்தரம். 5160, 9260 இரண்டும் வில்லுருக்கு, வளைந்தாலும் பழைய நிலைக்குத் திரும்பும். எங்கள் ஊர்க் கம்மாலைகளில் லொறி வில்லுத் தகட்டைத் தேடி வாங்கிக் கத்தி அடிப்பதும் இந்தக் குணத்துக்காகத்தான். தவிர்க்க வேண்டியது 420, 440 என்று எண் போட்ட துருப்பிடிக்காத உருக்கு. சமையல் கத்திக்கு நல்லது, வாள் நீளத்துக்கு வந்தால் முறியும்.

காந்தம் வைத்துப் பார்த்தால் தெரியும் என்று பலர் சொல்கிறார்கள். தெரியாது. 420, 440 இரண்டிலும் காந்தம் ஒட்டும். வாலின் ஓரத்தில் ஒரு சிறு இடத்தை எண்ணெய் போகத் துடைத்து, ஒரு துளி தேசிக்காய்ப் புளி விட்டுச் சற்று நேரம் பொறுங்கள். கரி உருக்கு சாம்பல் நிறமாகக் கறுக்கும். மாங்காய் நறுக்கிய பழைய கத்தி கறுப்பதைப் பார்த்திருப்பீர்களே, அதே சங்கதி. துருப்பிடிக்காத உருக்கு மினுங்கிக்கொண்டே இருக்கும். சோதித்த இடத்தை உடனே கழுவி, துடைத்து, எண்ணெய் பூசிவிடுங்கள்.

ஆனால் உருக்கின் எண்ணை விடத் தோய்ச்சல் முக்கியம். பாரம்பரிய முறையில் அலகின் முதுகுக்குக் களிமண்ணைத் தடிப்பாகவும் வெட்டுவாய்க்கு மெல்லியதாகவும் பூசி, சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்ப்பார்கள். வாய் சட்டென்று ஆறி மிகக் கடினமாகும், முதுகு மெல்ல ஆறி இளக்கமாக நிற்கும். கடினமான பகுதி கொஞ்சம் விரிவதால் அலகு முதுகுப் பக்கம் வளையும். கட்டானாவின் அந்த வளைவு பெருமளவும் தண்ணீருக்குள் பிறப்பதுதான். இரண்டு பகுதியும் சந்திக்கும் எல்லைதான் ஹமோன், வாயை ஒட்டி மூடுபனி மாதிரி ஓடும் வெண்கோடு.

போலி ஹமோனை அமிலம் பூசியோ கம்பித் தூரிகையால் தேய்த்தோ உண்டாக்குகிறார்கள். கஸ்தூரியார் வீதி நகைக்கடைகளில் வைத்திருக்கும் லென்ஸ் மாதிரி ஒன்றும் ஒற்றை மின்குமிழும் இருந்தால் போதும். அலகை வெளிச்சத்துக்கு எதிரே மெல்லச் சரித்துச் சரித்துப் பாருங்கள். உண்மையான எல்லையில் வெளிச்சம் படும் கோணத்தில் நுண்ணிய மினுங்கும் துகள்கள் எழும்பி மறையும். கோட்டின் ஒரு பக்கம் கூர்மையாகவும் மறுபக்கம் கரைந்தும் போகும். போலியில் எந்தக் கோணத்திலும் ஒரே வெண்மை, உரோஞ்சிய கீறல்கள், அச்சு வைத்த மாதிரித் திரும்பத் திரும்ப வரும் அலை. ஒன்றைக் கவனியுங்கள்: வில்லுருக்கு வாளை முழுவதும் ஒரே பதத்தில் தோய்ப்பதால் அதில் ஹமோன் இல்லாதது குறையே அல்ல. ஹமோன் இல்லாத நேர்மையான 9260 வாளை, போலி ஹமோன் போட்ட 1060 வாளை விட நான் மேலாக மதிப்பேன். ஒன்றில் பொய் சொன்னவர் தோய்ச்சலிலும் சொல்லியிருப்பார்.

ஆயிரம் தடவை மடித்தது என்பது பொய் என்று கணக்கே காட்டிவிடும். பத்து மடிப்பில் 1,024 அடுக்கு வந்துவிடும், பதினைந்தில் 32,768. ஜப்பானியக் கொல்லர் மடிப்பதும் அந்த அளவுதான். உலையில் எடுத்த உருக்கில் கரி சீராக இல்லாததால் அதைச் சீராக்க மடித்தார்கள். தொழிற்சாலை உருக்கு ஏற்கெனவே சீரானது. அதை மடிப்பதால் கிடைப்பது கோலம் மட்டும், மடிப்புக்குள் ஒட்டாத இடம் இருந்தால் பலவீனமும் சேரும். அதற்குக் காசு கொடுக்காதீர்கள்.

அலகு நேராக இருக்கிறதா என்று பார்க்க, நுனியைத் தூரத்தில் வைத்து முதுகின் வழியே ஒரு கண்ணால் பாருங்கள். பிறகு டியூப் லைட்டின் கீழே அலகைப் பிடித்து, அதன் பக்கத்தில் விழும் வெளிச்சக் கோட்டைக் கைக்காப்பில் இருந்து நுனிவரை ஓடவிடுங்கள். கோடு தண்ணீர் மாதிரி நெளிந்தால் அரைத்தவர் கை தளம்பியிருக்கிறது. வாளை உறையோடு பிடியை நிலத்தை நோக்கித் திருப்பினால் அது வழுகி விழக்கூடாது, பெருவிரலால் கைக்காப்பைத் தள்ளினால் மட்டும் இளக வேண்டும். கைக்காப்பு ஆடுவது சின்னக் குறைதான், மெல்லிய பித்தளைத் தகடு ஒன்று வைத்தால் சரியாகும். கடதாசியை வெட்டிக் காட்டும் வீடியோக்களைப் பொருட்படுத்த வேண்டாம். தகரத்தையும் அந்த அளவுக்குத் தீட்டலாம்.

வெட்டிப் பழகும் எண்ணம் இருந்தால் தென்னங்குற்றியிலோ பனைமட்டையிலோ தொடாதீர்கள். ஜப்பானில் தத்தாமிப் பாயின் மேல்விரிப்பைச் சுருட்டி ஊறவைத்து வெட்டுவார்கள். இங்கே பழைய பன்பாயைச் சுருட்டிக் கட்டி ஊறவைத்தால் அதற்குக் கிட்டத்தட்ட வரும். ஒவ்வொரு முறையும் மெகுகியை விரலால் அழுத்திப் பார்த்த பிறகுதான் வீச வேண்டும். முன்னாலும் பின்னாலும் ஒருவரும் நிற்கக்கூடாது.

இதை எழுதும்போது ஒன்றை மறைக்க என்னால் முடியாது. வாள்வெட்டு என்ற சொல் எங்கள் ஊர்ப் பத்திரிகைகளில் கனக்க வந்துவிட்டது, கை கால் இழந்த பெடியன்களும் பயத்தில் இருந்த வீடுகளும் அதற்குப் பின்னால் உண்டு. உங்கள் எண்ணம் நல்லதாக இருந்தாலும் மோட்டார் சைக்கிளில் ஒரு வாள் போவதைக் காண்பவருக்கு அது தெரியாது. இலங்கைச் சுங்கத்திலும் உங்கள் பொலிஸ் நிலையத்திலும் முன்கூட்டியே கேட்டு, எழுத்தில் பதில் வாங்காமல் அத்தானைப் பெட்டிக்குள் வைக்கச் சொல்லாதீர்கள். வாளோடு நின்று படம் எடுத்துப் போடவும் வேண்டாம். பழகுவதுதான் நோக்கம் என்றால் இயாய்தோ பழகுபவர்களுக்கென்று விற்கும் கூரில்லாத பயிற்சி வாள் ஒன்றை எடுக்கச் சொல்வேன். அது நாகமும் அலுமினியமும் கலந்த உலோகம், வெட்டாது, துருவும் பிடிக்காது. ஜப்பானில் நாங்கள் பழகியது அதில்தான். அங்கே பதிவில்லாத உருக்கு வாளை வைத்திருப்பதே குற்றம். அந்தப் பயிற்சி வாளை மட்டும் எதன் மீதும் மோதவிடாதீர்கள், உடையும்.

உருக்கு வாளே வேண்டும் என்று முடிவு செய்தால், கடலும் ஏரியும் சூழ்ந்த எங்கள் காற்றில் அதற்குத் தொடர்ந்து கவனிப்பு வேண்டும். கைவிரல் பட்ட இடம் அடுத்த நாளே புள்ளியாகத் துருப்பிடிக்கும். ஜப்பானியர் கராம்பு மணம் உள்ள எண்ணெய் பூசுவார்கள். இங்கே தையல் மெசின் எண்ணெய் போதும், மெல்லிய துணியால் படலமாக. தேங்காய் எண்ணெய் வேண்டாம், காறிப்போகும். மாரி மாதங்களில் உறையில் அடைத்து மறந்துவிடாமல் அடிக்கடி எடுத்துத் துடையுங்கள்.

தம்பி, காசு கட்ட முதல் விற்பவரிடம் மூன்று படம் கேளுங்கள்: பிடி கழற்றிய வால், பிடியின் மரவாய், ஒற்றை விளக்கின் கீழ் சரித்து எடுத்த அலகு. அவர் தன் விளம்பரப் படத்தில் இருந்து எடுத்துத் தராமல், உங்களுக்கு அனுப்பப்போகும் அதே வாளைப் படம் பிடித்துத் தரவேண்டும். தந்தால் அந்தப் படங்களை இந்தப் பதிலுக்குக் கீழே போடுங்கள், நானும் பார்த்துச் சொல்கிறேன்.