கார் டைரியில் பொய்க் கிலோமீட்டர் எழுதச் சொன்னால்

தம்பி, வண்டி ஓடியது 40 கிலோமீட்டர், வண்டி ஓடிய தூரத்தைப் பதியும் கார் டைரியில் சுபேதார் சாப் 90 எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்கிறார், ஹவில்தார் ஆகி 2 மாதம்தான் ஆகிறது, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். எழுதாதீர்கள். "எல்லா யூனிட்டிலும் நடக்கிறதுதான்" என்று எனக்கும் சொன்னார்கள். விசாரணை வந்தபோது, அப்படிச் சொன்னவர் பென்ஷன் வாங்கிக்கொண்டு ஊரில் இருந்தார். டைரியில் இருந்தது என் கையெழுத்து.

ராணுவச் சட்டம் 1950, 57-வது பிரிவைப் படித்துப் பாருங்கள். தெரிந்தே பொய்யாக எழுதினவருக்கு மட்டுமில்லை, உடந்தையாக இருந்தவருக்கும் 14 ஆண்டு வரை சிறை.

நாளை எதிர்த்துப் பேச வேண்டாம். "மீட்டர்ல இருக்கறதை எழுதிடறேன் சாப்" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு, அவர் முன்னாலேயே எழுதிவிடுங்கள். பாதிப் பேர் அதோடு விட்டுவிடுவார்கள். விடவில்லையா, கம்பெனி கமாண்டரிடம் இன்டர்வியூ, அதாவது நேரில் பார்த்துப் பேச அனுமதி, கேளுங்கள். அதற்காகப் பழிவாங்கினால் 26-வது பிரிவில் முறையிட உங்களுக்கு உரிமை உண்டு. கமாண்டர் மீதே புகார் என்றால் அவருக்கு மேலே உள்ளவரிடம் போகலாம். வாட்ஸப்பில் மட்டும் டைரி போட்டோவைப் போட்டுவிடாதீர்கள், குற்றவாளி நீங்கள் ஆகிவிடுவீர்கள்!

அப்புறம், உங்கள் டிரைவர் பையன்கள். தினமும் காலையில் மீட்டரை அவர்களையே சத்தமாகப் படிக்கச் சொல்லி, அவர்கள் எதிரில் எழுதுங்கள். வெற்று டைரியில் அவர்களிடம் முன்கூட்டியே கையெழுத்து வாங்கும் பழக்கம் அங்கே இருந்தால், அதை இன்றைக்கே நிறுத்துங்கள்.