'பிளட் சிம்பிள்': வாசகர் கேள்விகளும் பதில்களும்

(கதையின் திருப்பங்கள் பதில்களில் வருகின்றன, படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாசிப்பது நல்லது.)

கேள்வி: ஐயா, 'பிளட் சிம்பிள்' என்ற தங்கள் முதல் படத்தை எடுக்க வந்த அமெரிக்க இயக்குநர்களான ஜோயல், ஈதன் கோயன் சகோதரர்களை நம்பிப் பணம் போட்டவர்கள் யார்?

பதில்: படத்தின் செலவு ஏறத்தாழ 15 லட்சம் டாலர். அதைத் தந்தது எந்தப் பெரிய ஸ்டூடியோவும் அன்று. ஜோயல் கோயன் அதற்கு முன் இயக்குநர் சாம் ரைமியின் 'தி ஈவில் டெட்' என்ற திகில் படத்தில் உதவிப் படத்தொகுப்பாளராக வேலை பார்த்தவர். படம் எடுப்பதற்கு முன்பே அதற்கு ஒரு முன்னோட்டத்தைப் படமாக்கிக் காட்டிப் பணம் திரட்டும் வழியை அவர் ரைமியிடமிருந்து கற்றுக்கொண்டார். சுவரில் குண்டு துளைத்த ஓட்டைகள் வழியே வெளிச்சக் கீற்றுகள் பாயும் காட்சி அந்த முன்னோட்டத்திலேயே இருந்தது. சகோதரர்கள் தாங்கள் வளர்ந்த மினியாப்பொலிஸ் பகுதியில் அதைத் தனி மனிதர்களிடம் போட்டுக் காட்டிச் சிறுகச் சிறுகப் பணம் சேர்த்தார்கள். கதையைச் சொல்லி நம்ப வைப்பதைவிட, காட்சியையே கண்ணெதிரே வைத்தது பலன் தந்தது என்பது என் கருத்து.

கேள்வி: தலைப்புக்கு என்ன பொருள்?

பதில்: அமெரிக்கத் துப்பறியும் கதை எழுத்தாளர் டாஷியல் ஹேமட்டின் 1929ஆம் ஆண்டு நாவலான 'ரெட் ஹார்வெஸ்ட்'டிலிருந்து எடுத்த சொல் அது. கொலைகளுக்கு நடுவே உழன்றவனின் புத்தி பேதலித்துப்போகும் நிலையைக் குறிக்கிறது.

கேள்வி: நான் குறும்படம் எடுக்கிறேன். இவ்வளவு குறைந்த ஆட்களையும் இடங்களையும் வைத்துக்கொண்டு பதற்றத்தை எப்படி உண்டாக்கினார்கள்?

பதில்: இந்தப் படத்தில் நான் மிகவும் மதிப்பது இதைத்தான். டெக்சாஸில் மதுக்கடை நடத்தும் மார்ட்டி, தன் மனைவி ஆபியையும் அவளுடைய காதலன் ரேயையும் கொல்ல ஒரு துப்பறிவாளனை அமர்த்துகிறான். அவனோ இருவரும் இறந்ததாகப் போலிப் படம் காட்டிப் பணத்தை வாங்கிக்கொண்டு, ஆபியின் துப்பாக்கியால் மார்ட்டியையே சுடுகிறான். சுட்டது ஆபி என்று நம்பும் ரே, அவளைக் காப்பாற்றுவதற்காகத் தடயங்களை அழிக்கிறான். உயிர் இன்னும் பிரியாத மார்ட்டியைப் புதைக்கவும் செய்கிறான். ரே பேசுவது ஆபிக்குப் புரிவதில்லை, அவளுடைய திகைப்பு அவனுக்கு நடிப்பாகத் தெரிகிறது. யாருக்கு எவ்வளவு தெரியும் என்பதை முழுதாக அறிந்தவர் பார்வையாளர் ஒருவரே. கடைசிக் காட்சியிலும் தன்னைக் கொல்ல வந்த துப்பறிவாளனை மார்ட்டி என்றே எண்ணிக் கதவின் ஊடாகச் சுடுகிறாள் ஆபி. இப்படி ஒருவரையொருவர் தவறாகப் புரிந்துகொள்ள வைப்பதற்குச் செலவே இல்லை, ஆனால் திரைக்கதையில் ஒரு வரிகூடப் பிசகக் கூடாது. ஆகவே கேமரா வாடகையைக் கணக்கிடும் முன், ஒவ்வொரு காட்சியின் முடிவிலும் எந்தப் பாத்திரத்துக்கு என்ன தெரியும் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கேமரா தரையை ஒட்டிப் பாய்ந்து வரும் காட்சிக்கு விலையுயர்ந்த கருவி எதுவும் தேவைப்பட்டதா?

பதில்: இல்லை. நீண்ட பலகையின் நடுவில் கேமராவைப் பொருத்தி, இரு முனைகளையும் ஆளுக்கொருவராகப் பிடித்துக்கொண்டு ஓடும் முறை அது; இதுவும் 'தி ஈவில் டெட்' வழி வந்ததே. பலகையின் நீளமே குலுக்கலைக் குறைத்துவிடும். ஒளிப்பதிவாளர் பேரி சானன்ஃபெல்ட்.

கேள்வி: அம்மாவாக நடித்திருப்பதாகச் சொல்லும் பிரான்செஸ் மெக்டார்மண்ட் உட்பட, நடிகர்கள் அனைவரும் புதியவர்களா?

பதில்: அவர் அம்மா வேடத்தில் அல்ல, ஆபியாக நடித்தார், அதுவே அவருடைய முதல் திரைப்படம். இசையமைப்பாளர் கார்ட்டர் பர்வெலுக்கும் இதுவே முதல் படம். ஆனால் துப்பறிவாளனாக வரும் எம். எம்மெட் வால்ஷ் அப்போதே அனுபவம் மிக்க நடிகர். புதியவர்கள் நிறைந்த படத்தில் மிகக் கடினமான வேடத்தை அனுபவசாலியிடம் தந்தது சரியான முடிவு. 1985இல், பின்னாளில் சன்டான்ஸ் என்று பெயர் பெற்ற திரைப்பட விழாவில் இப்படம் நடுவர் குழுவின் முதன்மைப் பரிசைப் பெற்றது.