மரம் அறுக்கும் இயந்திரம்: பாரின் நீளமா, பழுது பார்க்கும் இடமா?

கேள்வி: பண்ருட்டிக்கு அருகே எங்களுக்கு முந்திரித் தோப்பும் அதையொட்டிக் கொஞ்சம் சவுக்கும் உண்டு. காய்ப்பு குறைந்த மரங்களை எடுத்துவிட்டு ஒட்டுக்கன்று வைக்கவும், கிடைப்பதை விறகாக அறுக்கவும் செயின்சா வாங்க எண்ணியுள்ளேன். 58 சிசி, 22 அங்குல பார் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு) கொண்ட இறக்குமதி இயந்திரம் ஒன்று, பெயர் பெற்ற நிறுவனத்தின் 16 அங்குல இயந்திரத்தைவிட மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. எதை வாங்கலாம்? வரப்பில் நிற்கும் இரண்டு பனைகளையும் எடுக்க வேண்டும்.

பதில்: நீங்கள் சொல்லும் வேலைக்கு 16 அங்குல பாரும், 35 முதல் 45 சிசி வரையிலான என்ஜினும் போதும். முந்திரி தாழ்வாகக் கிளைத்துப் படரும் மரம் என்பதால், அங்கே வேலையின் பெரும்பகுதி அடிமரத்தில் இல்லை, ஒன்றோடொன்று பின்னிய கிளைகளில்தான் இருக்கிறது. நீளமான பாரைக் கொண்டு அந்தக் கிளைகளுக்குள் நுழையும்போது, அதன் முனை எங்கே இருக்கிறது என்பது அறுப்பவர் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. முனையின் மேல்பகுதி வேறொரு கிளையில் பட்டுவிட்டால், இயந்திரம் நொடிக்கும் குறைவான நேரத்தில் அறுப்பவரின் முகத்தை நோக்கி எகிறும். எனவே கடைக்காரர் கூடுதல் வசதியாகக் காட்டும் ஆறு அங்குலம் உங்களுக்குக் கூடுதல் ஆபத்தே ஆகும். அறுப்பதற்கு வேண்டிய விசையும், முன்பக்கச் சுமையும், தீட்ட வேண்டிய பற்களின் எண்ணிக்கையும் அதனால் கூடுகின்றன என்பது வேறு.

விலை குறைந்தது என்பதற்காகவே ஒரு இயந்திரத்தை ஒதுக்கச் சொல்லவில்லை. ஆனால் அதன் செயின் பிரேக் உண்மையாகவே வேலை செய்கிறதா என்பதைக் கடையிலேயே இயக்கிக் காட்டச் சொல்லிப் பாருங்கள். கைப்பிடிக்கு முன்னால் இருக்கும் தடுப்பை முன்னோக்கித் தள்ளியதும், ஓடிக்கொண்டிருக்கும் செயின் அக்கணமே நிற்க வேண்டும். அடுத்து, கார்புரேட்டர், கிளட்ச், ஆயில் பம்ப் ஆகியவை பண்ருட்டியிலோ கடலூரிலோ கிடைக்குமா, பழுது பார்ப்பவர் யார் என்று கேளுங்கள். தெளிவான பதில் வராவிட்டால் குறைந்த விலையில் இலாபம் எதுவும் இல்லை. இறக்குமதிப் பொருளின் பெட்டியில் தயாரான நாடு, இறக்குமதியாளரின் பெயர், முகவரி, புகாருக்கான தொடர்பு எண் ஆகியவை அச்சிடப்பட்டிருப்பது சட்டப்படி கட்டாயம். அவை இல்லாத பெட்டியை வாங்காதீர்கள்.

எரிபொருளில்தான் பெரும்பாலான இயந்திரங்கள் வீணாகின்றன. ஸ்டில், ஹஸ்க்வர்னா ஆகிய நிறுவனங்கள் பெட்ரோலில் கலக்கும் தங்கள் டூ-ஸ்ட்ரோக் ஆயிலுக்கு 50:1 என்ற கலவையைச் சொல்கின்றன. அதாவது ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மி.லி. மலிவான இயந்திரங்கள் பலவற்றின் கையேட்டில் 25:1, அதாவது 40 மி.லி. என்றிருக்கும். கடைக்காரர் வாய்ச்சொல்லை விட்டுக் கையேட்டைப் பின்பற்றுங்கள். இப்போதைய பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் சேர்வதாலும், எத்தனால் ஈரத்தை இழுப்பதாலும், கலந்த பெட்ரோலை மாதக்கணக்கில் வைத்திருக்கக் கூடாது. செயினுக்கான தனித் தொட்டியில் பழைய என்ஜின் ஆயிலை ஊற்றும் வழக்கமும் நல்லதல்ல. அதிலுள்ள உலோகத் துகள்கள் ஆயில் பம்பையும் பாரையும் தேய்த்துவிடும்.

சவுக்குத் தோப்பில் மணலே பகை. தரையோடு தரையாக அறுக்கும் ஆசையில் செயின் மணலைத் தொட்டால் சில நொடிகளில் மொண்ணையாகிவிடும். அடியைச் சுற்றி மண்ணை விலக்கிவிட்டு அறுங்கள். மொண்ணைச் செயினில் மரம் சுருளாக வராமல் மாவாக உதிரும், அதுவே அரம் போட வேண்டியதற்கு அடையாளம். தலைக்கவசம், கண் மறைப்பு, காதடைப்பான், தொடையைக் காக்கும் காலுறை ஆகியவற்றின் விலையையும் சேர்த்தே செலவைக் கணக்கிடுங்கள். 2011 தானே புயலைப் போல் காற்று வேரோடு சாய்த்த மரமானால், அடியை அறுத்ததும் மண்ணோடு பெயர்ந்து நிற்கும் வேர்த்தட்டு சட்டென நிமிரக்கூடும் என்பதால், அதை அனுபவசாலிகளிடம் விட்டுவிடுவது நல்லது.

பனைகளைப் பொறுத்தவரை, அவற்றை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று தமிழக அரசு 2021இல் அறிவித்துள்ளது. அனுமதி பெறாமல் தொடாதீர்கள்.

கேள்வி: கடலூர் முதுநகரில் வசிக்கிறேன். கூலிக்கு மரம் அறுப்பதுதான் என் பிழைப்பு. புதுச்சேரியில் பில் இல்லாமல் விலை குறைத்துத் தருவதாகச் சொன்ன கடையில் வாங்கிய செயின்சாவின் என்ஜின் உத்தரவாதக் காலத்துக்குள்ளேயே இறுகிப் பிடித்துக்கொண்டது. “பில் இல்லை, தொழிலுக்கு வாங்கியதால் நீங்கள் நுகர்வோரும் இல்லை” என்கிறார்கள். உண்மையா?

பதில்: இரண்டாவது வாதம் உங்களுக்குப் பொருந்தாது. வணிக நோக்கில் வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்பது சரியே. ஆயினும், சுயதொழிலாகத் தம் பிழைப்புக்காக மட்டுமே பயன்படுத்துபவருக்கு 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் விலக்கு அளித்திருக்கிறது. பல இயந்திரங்களையும் ஆட்களையும் வைத்துக் குத்தகை எடுப்பவரானால் நிலைமை வேறு.

பில் தராமல் விற்பதையே அச்சட்டம் நேர்மையற்ற வணிக நடைமுறைகளுள் ஒன்றாகக் குறிப்பிடுகிறது. ஆனாலும் வாங்கியதை நீங்கள் நிரூபித்தாக வேண்டும். கைப்பேசி வழியாகப் பணம் செலுத்திய பதிவு, உத்தரவாத அட்டையில் கடை முத்திரை, உரையாடிய குறுஞ்செய்திகள் ஆகியவற்றைத் திரட்டுங்கள். விலைக் குறைப்பு என்ற பெயரில் நீங்கள் விட்டுக்கொடுத்தது இந்தச் சான்றைத்தான்.

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். தீரவில்லையெனில், கடை புதுச்சேரியில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் கடலூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். பிரச்சினை எழுந்த இரண்டு ஆண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டிருந்தால் கட்டணம் கிடையாது.

அதற்கு முன், உள்ளூர் மெக்கானிக் எவரையும் என்ஜினைப் பிரிக்க விடாதீர்கள். ஆயில் குறைந்த பெட்ரோலால் பிடித்ததா, உற்பத்திக் குறையா என்பதே வழக்கின் மையம். தேவைப்பட்டால் ஆணையம் பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பும். பிரித்துப் பார்த்த என்ஜினை முன்வைத்தால் எதிர்த்தரப்புக்கு எளிதில் ஒரு வாதம் கிடைத்துவிடும். டூ-ஸ்ட்ரோக் ஆயில் வாங்கிய ரசீது ஏதேனும் இருந்தால் அதுவும் உதவும்.

கேள்வி: பாகூரில் பழைய செயின்சா ஒன்று விலைக்கு வருகிறது. எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: அணைத்த இயந்திரத்தை ஸ்டார்ட்டர் கயிற்றின் பிடியில் தொங்கவிடுங்கள். கயிறு மெல்ல மெல்ல இறங்கினால் கம்ப்ரஷன் (என்ஜினுக்குள் ஏற்படும் அழுத்தம்) நன்றாக இருக்கிறது, தங்கு தடையின்றி இறங்கிவிட்டால் இல்லை. பிறகு விற்பவரின் சம்மதத்துடன் சைலன்சரைக் கழற்றி, அந்த ஓட்டை வழியே டார்ச் அடித்துப் பிஸ்டனைப் பாருங்கள். பக்கவாட்டில் நெடுக்காகக் கீறல்கள் தெரிந்தால், விலை எவ்வளவு குறைந்தாலும் வாங்க வேண்டாம்.