போதைப்பொருளும் உலக நாடுகளின் கூட்டுவேலையும்: யாழ்ப்பாணத்துக் கேள்விகளுக்குப் பதில்

போதைப்பொருளைக் கண்காணிப்பதிலும் தடுப்பதிலும் நாடுகள் எப்படிச் சேர்ந்து வேலை செய்கின்றன என்பது பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தேன். நிறைய வந்தன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன். என் வேலை தடுப்பும் ஆற்றுப்படுத்தலும்தான், சட்டம் அல்ல. வழக்கு நடக்கிறவர்கள் தயவுசெய்து ஒரு சட்டத்தரணியிடம் கேளுங்கள்.

கேள்வி (நல்லூர், உயர்தர மாணவன்): அக்கா, ஐ.நா.வில் இதற்கென்று பொலிஸ் மாதிரி ஒன்று இருக்கிறதா? யார் யாருக்குக் கட்டளை போடுகிறார்கள்?

பதில்: கட்டளை போடுகிற பொலிஸ் ஒன்றும் இல்லை, தம்பி. இருப்பவை மூன்று உடன்படிக்கைகள். 1961 இல் வந்தது அபின், ஹெரோயின், கொக்கெய்ன், கஞ்சா பற்றியது. 1971 இல் வந்தது மனநிலையை மாற்றும் இரசாயன மருந்துகள் பற்றியது. 1988 இல் வந்தது கடத்தல், கறுப்புப் பணம், போதைப்பொருள் தயாரிக்க உதவும் மூலப்பொருள்கள் பற்றியது. இலங்கை உட்பட உலகின் பெரும்பாலான நாடுகள் இவற்றில் சேர்ந்திருக்கின்றன.

இவற்றை நடத்தும் வேலை வியன்னாவில் நடக்கிறது. போதைப்பொருள் ஆணைக்குழுவில் 53 நாடுகள் இருந்து வாக்களிக்கின்றன. 13 நிபுணர்கள் கொண்ட சர்வதேச போதைப்பொருள் கட்டுப்பாட்டுச் சபை, நாடுகள் சொன்னபடி நடக்கின்றனவா என்று பார்க்கிறது. ஐ.நா.வின் போதைப்பொருள் மற்றும் குற்றத்தடுப்பு அலுவலகம் தகவல் திரட்டுகிறது, பயிற்சி கொடுக்கிறது. ஒவ்வொரு நாடும் ஆண்டுதோறும் ஒரு நீண்ட கேள்விக்கொத்தை நிரப்பி அனுப்ப வேண்டும். யூன் 26 ஐ ஒட்டி வரும் உலகப் போதைப்பொருள் அறிக்கைக்கு அதுதான் முக்கிய அடிப்படை. 2023 இல் 316 மில்லியன் பேர் ஏதோ ஒரு போதைப்பொருளைப் பாவித்தார்கள் என்கிறது 2025 அறிக்கை.

நம் பிராந்தியத்தில் சார்க் நாடுகள் 1990 இல் மாலேயில் தனி உடன்படிக்கை ஒன்றில் கையெழுத்திட்டன. அதன் தகவல் மேசை கொழும்பில்தான் இருக்கிறது. ஆனால் ஒரு நாடு கேள்விக்கொத்தை அரைகுறையாக நிரப்பி அனுப்பினாலும் அதைத் தட்டிக்கேட்கப் பெரிய வழி இல்லை. கீழே இருக்கிற ஆசுப்பத்திரியும் பாடசாலையும் வீடும் உண்மையைச் சொன்னால்தான் வியன்னாவில் இருக்கிற தாளிலும் உண்மை இருக்கும். கீழே வரும் பல பதில்களில் நான் இதைத்தான் திரும்பவும் சொல்லப்போகிறேன்.

கேள்வி (குருநகர், மீனவர்): தங்கச்சி, எங்கட கடலுக்குள்ள நேவி நிக்குது. அங்கால இந்தியன் நேவி. பிறகு எப்பிடி இவ்வளவு சாமான் வருது? சந்தேகம் எண்டு வந்தா எங்களைத்தானே மறிக்கினம்.

பதில்: அண்ணை, இரண்டு வேறு பாதைகளை ஒன்றாக்கிப் பேசுவதால்தான் இந்தக் குழப்பம்.

ஒன்று பாக்குநீரிணை. தமிழ்நாட்டுக் கரையிலிருந்து சிறு படகில் கஞ்சா வருகிறது. அதில் நிறைய, ஆந்திரா, ஒடிசா எல்லை மலைகளில் விளைவது. பீடி இலையும் மஞ்சளும் வந்த அதே பாதை, அதே ஆட்கள். நடுக்கடலில் கைமாற்றி, ஆபத்து என்றால் பொதியைக் கடலில் விட்டுவிட்டுப் போவார்கள். மாதகல், வல்வெட்டித்துறை, உடுத்துறைப் பக்கம் கரையொதுங்கும் பொதிகள் பற்றி நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள்.

மற்றது ஆழ்கடல். ஹெரோயினும் ஐஸ் எனப்படும் மெதம்பெட்டமினும் பெரும்பாலும் ஈரான், பாகிஸ்தானின் மக்ரான் கரையிலிருந்து அரபிக்கடல் வழியாக வருகின்றன. பலநாள் படகுகள் அங்கே போய் ஏற்றிக்கொள்கின்றன. 2021 மார்ச்சில் இந்தியக் கடலோரக் காவற்படை ஓர் இலங்கைப் படகில் 300 கிலோ ஹெரோயினும் ஐந்து ஏ.கே.47 துப்பாக்கிகளும் எடுத்தது. 2024 நவம்பரில் இலங்கைக் கடற்படை கொடுத்த தகவலை வைத்து இந்தியக் கடற்படை அரபிக்கடலில் இரண்டு இலங்கைப் படகுகளை மறித்து, ஏறக்குறைய 500 கிலோ ஐஸ் பிடித்தது. ஒத்துழைப்பு ஒழுங்காக நடந்தால் என்ன ஆகும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

சர்வதேசக் கடலில் ஒரு சிக்கல் இருக்கிறது. வேறொரு நாட்டுக் கொடியோடு போகும் கப்பலில் நினைத்தவுடன் ஏற முடியாது. அந்த நாட்டிடம் அனுமதி கேட்க வேண்டும் என்பது 1988 உடன்படிக்கையின் 17 ஆவது உறுப்புரை. அனுமதி சில மணித்தியாலத்தில் வரலாம், வராமலும் போகலாம். பஹ்ரெயினைத் தளமாகக் கொண்ட பன்னாட்டுக் கூட்டுக் கடற்படை அரபிக்கடலில் தொன் கணக்கில் பிடித்து அழிக்கிறது. ஆனால் வழக்குப் போட எந்த நாட்டுக்கு அதிகாரம் என்பது தெளிவில்லாததால், படகில் இருந்தவர்களைப் பல தடவை அப்படியே விட்டுவிடுகிறார்கள். பொருள் போகிறது, அனுப்பியவன் யார் என்ற தகவலும் கூடவே போகிறது. இதுதான் எனக்கு மிகவும் கவலை தருகிறது.

உங்களை மறிப்பது பற்றி: மீனவரைச் சந்தேகக்காரராக மட்டும் பார்க்கிற கடற்படைக்குக் கடலில் எது புதிது என்று சொல்ல ஆள் இருக்காது. அதை அவர்களிடம் நேரே சொல்ல வேண்டும். உங்கள் சங்கங்கள்தான் சொல்ல வேண்டும்.

கேள்வி (சாவகச்சேரி, ஆசிரியை): ஆப்கானிஸ்தானில் அபின் செய்கையைத் தடை செய்துவிட்டார்களே. ஏன் இங்கே குறைந்ததாகத் தெரியவில்லை?

பதில்: ரீச்சர், தடை உண்மையாகவே நடந்தது. 2022 ஏப்ரலில் தலிபான் ஆட்சியாளர்கள் அறிவித்தார்கள். அந்த ஆண்டு 233,000 ஹெக்டேயராக இருந்த செய்கை 2023 இல் 10,800 ஆக விழுந்தது. செய்மதிப் படங்களை வைத்து ஐ.நா. அளந்த கணக்கு இது. மியான்மார் முதலிடத்துக்கு வந்துவிட்டது. ஆனால் முன்பு சேர்த்துவைத்த இருப்பு ஆண்டுக்கணக்கில் ஓடும். தட்டுப்பாடு வந்தால் விலை ஏறும், கலப்படம் கூடும், வேறு பொருள் அந்த இடத்துக்கு வரும்.

ஐஸுக்கு வயலே தேவையில்லை. மூலப்பொருள் இருந்தால் எந்தக் கொட்டிலிலும் செய்யலாம். அதனால்தான் அந்த இரசாயனங்களை ஏற்றுமதி செய்யுமுன் இறக்குமதி நாட்டுக்கு இணையவழி அறிவிக்கும் முறையை 2006 இல் கொண்டுவந்தார்கள். பட்டியலில் உள்ள இரசாயனத்துக்கு அது நன்றாக வேலை செய்கிறது. பட்டியலில் இல்லாத இன்னொன்றுக்கு மாறிவிடுகிறார்கள், பிறகு அதையும் சேர்க்க வேண்டும்.

கேள்வி (கொக்குவில்): கஞ்சாவை ஐ.நா. பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது என்று பெடியள் சொல்கிறார்கள்?

பதில்: இல்லை. 2020 டிசெம்பரில் 27 க்கு 25 என்ற வாக்கில் 1961 உடன்படிக்கையின் மிகக் கடுமையான நான்காம் பட்டியலிலிருந்து மட்டும் எடுத்தார்கள். மருத்துவப் பயன் இருக்கலாம் என்பதற்காக. கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட பொருள்களின் முதலாம் பட்டியலில் அது இன்னும் இருக்கிறது.

கேள்வி (கோண்டாவில், பார்மசி வைத்திருப்பவர்): பிரிகபலின் கேட்டு வருகிற பெடியள் தொகை கூடிவிட்டது. சீட்டு இல்லாமல் நான் கொடுப்பதில்லை. ஆனால் வெளியில் தாராளமாகக் கிடைக்கிறது. உலக அளவில் இதைத் தடை செய்ய முடியாதா?

பதில்: நீங்கள் கொடுக்காமல் இருப்பதற்கு முதலில் நன்றி. பாடசாலை மதிலுக்குப் பின்னால் கிடக்கிற வெற்று மாத்திரை அட்டைகளைப் பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விடயம் என்று தெரியும்.

பிரிகபலின் நரம்பு வலிக்கும் வலிப்புக்கும் உரிய நல்ல மருந்து. அது சர்வதேசப் பட்டியலில் இல்லை. சேர்க்க வேண்டுமானால் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு ஆராய்ந்து பரிந்துரைக்க வேண்டும், அப்புறம் வியன்னாவில் வாக்கெடுப்பு. 2025 மார்ச்சில் கரிசோப்ரோடோல் என்ற தசை தளர்த்தும் மாத்திரை அப்படித்தான் சேர்ந்தது. ஒரு நாடு அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை. பிரித்தானியா 2019 இல் தானாகவே பிரிகபலினைக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது.

அந்தக் குழு எதை வைத்து முடிவெடுக்கிறது? நாடுகள் அனுப்பும் தகவலை வைத்துத்தான். எத்தனை பேர் மயங்கி வந்தார்கள், என்ன மாத்திரை, எதோடு சேர்த்துப் போட்டார்கள் என்ற விபரம் வேண்டும். ஐ.நா. 2013 இல் தொடங்கிய முன்னெச்சரிக்கை அமைப்பில் ஆயிரத்துக்கு மேற்பட்ட புதிய போதைப்பொருள்கள் பதிவாகியிருக்கின்றன. ஒவ்வொன்றையும் எங்கோ ஒரு ஊரில் யாரோ முதலில் கவனித்துச் சொல்லியிருக்கிறார்கள். ஆகவே திகதி, மாத்திரையின் பெயர், மில்லிகிராம் எல்லாம் ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள். கேட்டு வந்தவரின் பெயர் வேண்டாம். அதை உணவு, மருந்துப் பரிசோதகரிடம் கொடுங்கள். போலிச் சீட்டு என்றால் பிரதி எடுத்து வையுங்கள்.

கேள்வி (அளவெட்டி): அம்மாவுக்குப் புற்றுநோய். தெல்லிப்பழையில் மோர்பின் எழுதித் தந்தார்கள். அண்ணன், "அது போதை, குடுக்க வேண்டாம்" என்கிறார். இதைத் தடுக்கத்தானே உடன்படிக்கை?

பதில்: அண்ணனிடம் சொல்லுங்கள்: வலியைத் தணிக்க இந்த மருந்துகள் இன்றியமையாதவை, அவை கிடைக்க வழி செய்ய வேண்டும் என்று அதே 1961 உடன்படிக்கையின் முகவுரையிலேயே எழுதியிருக்கிறது. கட்டுப்பாட்டுச் சபையின் வேலைகளில் ஒன்று, ஒவ்வொரு நாட்டுக்கும் ஆண்டுக்கு எவ்வளவு மோர்பின் தேவை என்ற மதிப்பீட்டை வாங்கி, அந்த அளவு கிடைக்கப் பார்ப்பது. உலக மக்களில் 80 சதவீதத்துக்கு மேற்பட்டோர் வாழும் நாடுகளுக்கு வலி மருந்தில் மிகச் சிறு பங்கே போய்ச் சேர்கிறது என்று அவர்களே ஆண்டாண்டாகச் சொல்கிறார்கள். போதைக்குப் பயந்து வலியோடு சாகவிடுவது ஒத்துழைப்பின் தோல்வி. நான் அப்படித்தான் நினைக்கிறேன்.

வைத்தியர் சொன்ன அளவில், சொன்ன நேரத்துக்குக் கொடுங்கள். மலச்சிக்கல் வரும், அதற்கும் மருந்து கேட்டு வாங்குங்கள். மாத்திரையைப் பூட்டி வையுங்கள். மிச்சம் இருந்தால் ஆசுப்பத்திரியில் திருப்பிக் கொடுங்கள்.

கேள்வி (யாழ் பல்கலைக்கழக மாணவி): ஐரோப்பாவில் கழிவுநீரைச் சோதித்தே எந்த நகரில் எவ்வளவு பாவனை என்று சொல்கிறார்களாமே. யாழ்ப்பாணத்தில் செய்ய முடியாதா?

பதில்: அருமையான கேள்வி. லிஸ்பனில் இருக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் போதைப்பொருள் முகவரகம் அந்த முடிவுகளை ஆண்டுதோறும் வெளியிடுகிறது. சிறுநீரில் வெளியேறும் எச்சத்தை, நகரத்துக் கழிவுநீர் ஒன்றுசேரும் இடத்தில் அளப்பதுதான் முறை. நம்மிடம் அப்படி ஒன்றுசேரும் இடம் இல்லை. வீட்டுக்கு வீடு மலசலகூடக் குழி. அது சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கி, பக்கத்துக் கிணறு வரை போகிறது. அதில் எதை அளந்தாலும் யாருடையது, எப்போதையது என்று சொல்ல முடியாது.

ஆனால் அங்கேயே இன்னொரு முறையும் இருக்கிறது. பாவித்து எறிந்த ஊசிகளைச் சேர்த்து, உள்ளே ஒட்டியிருக்கும் எச்சத்தை ஆய்வுகூடத்தில் பார்க்கிறார்கள். ஹெரோயின் என்று நினைத்து ஏற்றியது வேறொன்றாக இருப்பது அதில் தெரிந்துவிடும். ஊசிப் பாவனை இங்கே வந்துவிட்ட பிறகு இது நமக்கு மிகவும் பொருந்தும் என்பது என் அபிப்பிராயம். உங்கள் மருத்துவ பீடமும் இரசாயனவியல் துறையும் சேர்ந்து யோசிக்கலாம்.

இப்போது நம்மிடம் அதிகம் இருப்பது கைதுக் கணக்குத்தான். 2023 டிசெம்பர் 17 இல் "யுக்திய" என்ற பொலிஸ் போதை ஒழிப்பு நடவடிக்கை தொடங்கியவுடன் கைதுகள் பல ஆயிரங்களாகக் கூடின. அதற்காக அந்த மாதம் பாவனை அத்தனை மடங்கு கூடியது என்று அர்த்தமா? கைதுக் கணக்கு பொலிஸ் எவ்வளவு வேலை செய்தது என்பதைச் சொல்லும், ஊரில் எத்தனை பேர் பாவிக்கிறார்கள் என்பதைச் சொல்லாது. அந்த நடவடிக்கையில் மனித உரிமை மீறல்கள் நடந்ததாக ஐ.நா. நிபுணர்கள் கவலை தெரிவித்ததையும் மறக்கக்கூடாது. அடித்துப் பிடித்தால் பாவிக்கிறவன் இன்னும் ஆழமாக ஒளிவான், கணக்கும் அவனோடு ஒளியும்.

கேள்வி (ஸ்காபுரோ, கனடா): வெளிநாட்டில் இருந்துகொண்டு நடத்துகிற பெரிய புள்ளிகளை இன்டர்போல் பிடித்துத் தந்தால் என்ன? இரண்டு பேரைத் தூக்கில் போட்டால் எல்லாம் அடங்கிவிடும்.

பதில்: அண்ணா, உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் இன்டர்போலின் சிவப்பு அறிவித்தல் பிடியாணை அல்ல. "இவரைத் தேடுகிறோம், கண்டால் தடுத்துவையுங்கள்" என்று 196 நாடுகளிடம் கேட்பது மட்டுமே. தடுத்துவைப்பதும் அனுப்புவதும் அந்தந்த நாட்டுச் சட்டப்படிதான்.

தூக்கு விடயத்தில் நீங்கள் சொல்வதற்கு நேர்மாறாகத்தான் நடக்கும். இரண்டு கிராம் ஹெரோயின் கடத்தலுக்கே நம் சட்டத்தில் மரணதண்டனை விதிக்கலாம். 1976 க்குப் பிறகு யாரையும் தூக்கிலிடவில்லை என்றாலும், சட்டத்தில் அது இருக்கிறது. தூக்கிலிட மாட்டோம் என்ற உறுதி இல்லாமல் ஐரோப்பிய நாடுகளும் நீங்கள் இருக்கிற கனடாவும் ஆளை அனுப்பத் தயங்கும். தூக்குமேடை கட்டினால் பெரிய புள்ளி வெளிநாட்டில் பத்திரமாக இருப்பான், சின்னப் பெடியன் இங்கே மாட்டுவான்.

கேள்வி (பருத்தித்துறை, ஒரு தாய்): பிள்ளை, என்ர மகன் ஊசி போடுறான். ஆசுப்பத்திரிக்குப் போனா பொலிஸுக்குச் சொல்லுவினம் எண்டு பயம். மகளுக்குக் கலியாணம் பேசுறம், வெளியில தெரிஞ்சா எல்லாம் குழம்பும். என்ன செய்ய?

பதில்: அம்மா, நீங்கள் எழுதியதே பெரிய காரியம். சிகிச்சைக்குத் தானாகப் போவது குற்றம் அல்ல. யாழ் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் பெயர் சொல்லாமலே பேசலாம். தமிழில் பேச ஆள் வேண்டும் என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

ஆசிய, பசிபிக் நாடுகளின் கூட்டமைப்பான கொழும்புத் திட்டத்தின் போதைப்பொருள் ஆலோசனைப் பிரிவு 1973 முதல் இயங்குகிறது. பல நாடுகளின் ஆற்றுப்படுத்துநர்கள் அதன் ஒரே பாடத்திட்டத்தில் பயிற்சி பெற்றிருக்கிறார்கள். அடிமைநிலை ஒரு நோய், திரும்பத் திரும்ப வரக்கூடியது, சிகிச்சைக்கு உட்படும் என்பதுதான் அதன் முதல் பாடம். ஆகவே ஒருமுறை நிற்பாட்டி மறுபடி தொடங்கினால் மகன் கெட்டுப்போனான் என்று முடிவு கட்டாதீர்கள். அறையில் பூட்டிவைக்க வேண்டாம், கட்டிவைக்க வேண்டாம். சில நாள் நிற்பாட்டிவிட்டுப் பழைய அளவையே திரும்ப ஏற்றுவதுதான் மிகவும் ஆபத்து. மூச்சு நின்றுவிடும். அதை அவனிடமே வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

இன்னொன்று அவசரம். அழுக்கான ஊசியால் கிருமி இரத்தத்தில் ஏறி இதய வால்வில் தங்கிவிடும். விட்டுவிட்டுக் காய்ச்சல், குளிர், மூச்சு வாங்குதல், ஊசி போட்ட இடத்தில் வீக்கம், இவற்றில் ஒன்று இருந்தாலும் கலியாணப் பேச்சை ஒரு பக்கம் வையுங்கள். இன்றைக்கே வாகனம் பிடித்துப் போதனா வைத்தியசாலையின் விபத்து, அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள். ஊசி போடுகிறவன் என்பதை வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அதைச் சொன்னால்தான் அவர் சரியான இரத்தப் பரிசோதனை எழுதுவார்.