நோட்டில் தமிழ் இருக்கிறது, பேச ஆள் இல்லை

மேடம், வணக்கம்.

எனக்கு 22 வயது. சொந்த ஊர் காரைக்குடி பக்கம். முதுகலை படிக்க ஆகஸ்டில் மொரிஷியஸ் வந்தேன். நாலு மாதம் ஆகிறது. ரோஸ்ஹில்லில் ஒரு வீட்டு மாடியில் அறை எடுத்திருக்கிறேன். மெட்ரோவில் ரெதுயியில் இருக்கும் பல்கலைக்கழகத்துக்குப் போய் வருகிறேன்.

கிளம்பும்போது எல்லோரும் ஒன்றையேதான் சொன்னார்கள்: "அங்கே ரூபாய் நோட்டிலேயே தமிழ் இருக்கு, உனக்கென்ன கவலை?" நோட்டில் இருக்கிறது, நிஜம்தான். பேசத்தான் ஆள் இல்லை. என் வகுப்பில் பிள்ளை, ராமசாமி என்று பெயர் முடிகிறவர்கள் நாலு பேர். ஒருவருக்கும் தமிழ் பேச வராது. எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்தால், பிரெஞ்சிலிருந்து பிறந்த இந்த ஊர்ப் பேச்சுமொழி கிரியோல்தான். என்னைப் பார்த்ததும் ஆங்கிலத்துக்கு மாறுவார்கள், இரண்டு நிமிடத்தில் திரும்பவும் கிரியோல். அவர்கள் சிரித்தால் நானும் சிரித்து வைக்கிறேன். எதற்கென்று தெரியாது.

போன மாதம் ஒரு கோயிலுக்குப் போனேன். தேவாரம் பாடினார்கள். ஆளுக்கொரு தாள் கையில். எட்டிப் பார்த்தால் தமிழ் வரிகளை ஆங்கில எழுத்தில் அச்சடித்திருந்தார்கள். பக்கத்தில் சேலை கட்டி, பூ வைத்து, அப்படியே எங்கள் அப்பத்தா மாதிரி ஒரு பாட்டி. ஆசையாக, "பாட்டி, பிரசாதம் எங்க தர்றாங்க?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "பா கோன் தமுல், மாம்செல்" என்றார். தமிழ் தெரியாதாம். வெளியே வந்து செருப்பு போடும்போது அழுகை வந்துவிட்டது.

வீட்டுக்கார அம்மாவும் தமிழ்க் குடும்பம்தான். தினமும் முருகன் படத்துக்கு விளக்கேற்றுவார். இரண்டு முறை சாப்பிடக் கூப்பிட்டார். போய் என்ன பேசுவது என்று பயந்து, படிக்கணும் என்று சொல்லிவிட்டேன். ஆறு மணிக்கெல்லாம் கடைகளை அடைத்துவிடுகிறார்கள். அப்புறம் நான், அறை, செல்போன். ஒரு நாளைக்கு மூன்று தடவை அம்மாவோடு வீடியோவில் பேசுகிறேன். "நல்லா இருக்கேன்மா" என்பேன். வைத்ததும் குழாயைத் திறந்துவிட்டு அழுவேன். நகையை அடகு வைத்து அப்பா என்னை அனுப்பியிருக்கிறார். திரும்பிப் போனால் அவர் முகத்தில் எப்படி விழிப்பது? போகாவிட்டால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடுமோ?

— பெயர் வேண்டாம், ரோஸ்ஹில்

வணக்கம்மா.

நீங்கள் ஜெர்மனிக்குப் போயிருந்தால் பக்கத்தில் நிற்கும் பாட்டியிடம் தமிழில் பேசியிருக்க மாட்டீர்கள். அவருக்குத் தமிழ் தெரியவில்லையே என்று அழுதிருக்கவும் மாட்டீர்கள். இங்கே சேலையும் பூவும் முருகனும் ராமசாமியும் தினமும் உங்களுக்கு ஒரு நம்பிக்கையைக் கொடுத்துவிட்டு, சாயங்காலத்துக்குள் அதைப் பிடுங்கிக்கொள்கின்றன. முழுக்க அந்நியமான ஊரை விட, பாதி நம் ஊர் போல இருக்கும் ஊர் மனதை அதிகம் அலைக்கழிக்கும். கல்யாணமாகி போர்ட் லூயிக்கு வந்த புதிதில் நானும் இந்த அலைச்சல் பட்டவள்தான்.

அந்தப் பாட்டியை இன்னொரு முறை நினைத்துப் பாருங்கள். அவருடைய முன்னோர் பிரெஞ்சுக்காரர் காலத்திலேயே புதுச்சேரியிலிருந்து கைத்தொழிலாளராக வந்திருக்கலாம். இல்லை, 1834க்குப் பிறகு கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாக வந்திருக்கலாம். எத்தனையோ தலைமுறைக்குப் பிறகும், அர்த்தம் புரியாமலே தாளைப் பார்த்துத் தேவாரம் பாடுகிறார். நீங்கள் சொன்ன நோட்டுக்கும் ஒரு கதை உண்டு. 1998இல் புது நோட்டு அடித்தபோது, ஆங்கிலத்துக்கு அடுத்து இருந்த தமிழை இந்திக்குக் கீழே இறக்கிவிட்டார்கள். தமிழர்கள் கொதித்துப் போனார்கள். கடைசியில் அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்று, பழைய வரிசையிலேயே மறுபடி அச்சடித்தார்கள். அன்று சண்டை போட்டவர்களில் பலருக்கு வீட்டில் கிரியோல்தான் பேச்சு. உங்களுக்குத் தமிழ் என்றால் வாய் திறந்ததும் வருவது. அவர்களுக்கு அது சாமி, பெயர், விரதம், மானம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஊரிலிருந்து வந்த பெண் சரளமாகத் தமிழ் பேசும்போது இங்குள்ளவர்கள் பலர் கூசிப் போகிறார்கள். என்னிடம் பேச வரும் இளைஞர்களே சொல்லியிருக்கிறார்கள். உங்கள் வகுப்பு ராமசாமியும் உங்களைக் கண்டு கொஞ்சம் பயப்படுகிறாரோ என்னவோ.

அதனால் பேச்சை வகுப்பில் தேடாதீர்கள். அடுப்படிக்குப் போங்கள். நான் வந்த புதிதில், சந்தையில் முருங்கைக்கீரையைக் கையால் காட்டிக் கேட்டேன். கடைக்காரர் "ப்ரேட் முரூம்" என்றார். அந்த முரூம் நம் முருங்கை என்று உறைத்ததும் நடுச் சந்தையில் நின்று சிரித்தேன். கறிவேப்பிலை இங்கே காரிபூலே. ரசம், ரசோன். வீட்டுக்கார அம்மா மூன்றாவது முறை கூப்பிடுவார் என்று காத்திருக்க வேண்டாம், நீங்களே கீழே இறங்கி, ரசோன் எப்படி வைப்பீர்கள் என்று கேளுங்கள். தைப்பூசம் வருகிறது, அன்று நாடு முழுக்க அரசு விடுமுறை. அதற்குமுன் பத்து நாள் விரதம் இருப்பார்கள். அந்த நாட்களில் அவரோடு கோயிலுக்குப் போங்கள். துணைக்கு ஆள் கிடைத்தால் அவருக்கும் சந்தோஷம்தான்.

கிரியோலையும் பிடித்துக்கொள்ளுங்கள். நமக்கு அது கஷ்டமான பாஷை இல்லை, ஆளுக்கு ஆள் வினைச்சொல் மாறாது. குழுவில் எல்லோரும் சிரிக்கும்போது, சிரித்து வைக்காமல் "மோ பா கோம்ப்ரான்" என்று சொல்லிவிடுங்கள். புரியவில்லை என்று அர்த்தம். யாராவது ஒருவர் விளக்குவார். முதல் தடவை கூச்சமாக இருக்கும், இருக்கட்டும்.

அம்மாவோடு மூன்று தடவை என்பது அதிகம். உங்களுக்கும் ஊருக்கும் ஒன்றரை மணி நேரம்தான் வித்தியாசம், அதனால் நாள் முழுக்க அந்த வீட்டுக்குள்ளேயே இருக்க முடிகிறது. ராத்திரி ஒரு முறை போதும், அதுவும் சமைத்துக்கொண்டே பேசுங்கள். "நல்லா இருக்கேன்" என்பதை விட்டுவிட்டு, தினமும் ஒரு சின்ன உண்மை சொல்லுங்கள்: இன்றைக்குச் சோறு குழைந்துவிட்டது, கிரியோல் புரியவில்லை, கோயிலில் அழுதேன். அப்பா நகையை அடகு வைத்தது நீங்கள் படிப்பதற்கு. அழுகையை மறைப்பதையும் அந்தக் கடனோடு சேர்த்துக்கொள்ளாதீர்கள்.

திரும்பிப் போவதா என்பதை இப்போது முடிவு செய்ய வேண்டாம். இந்தப் பருவத் தேர்வும் தைப்பூசமும் முடியட்டும். ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் சாப்பாடும் சரியில்லை, எழுந்து வகுப்புக்குப் போகவே முடியவில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள். பல்கலைக்கழகத்திலேயே ஆலோசகர் இருக்கிறாரா என்றும் விசாரியுங்கள். உயிரோடு இருந்து என்ன என்று ஒரு முறை தோன்றினாலும் காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், வீட்டுக்கார அம்மாவை எழுப்பிக் கூட்டிக்கொண்டு. அதற்குப் பாஷை வேண்டியதில்லை.

ரசோன் சாப்பிட்டுவிட்டு எழுதுங்கள். எங்கள் தெருவில் பூண்டைக் கொஞ்சம் தூக்கலாகப் போடுவார்கள். உங்கள் வீட்டில் எப்படியோ.