ஜெட் எஞ்சின் கம்ப்ரெஸரில் ஒற்றை பிளேடுக்குப் பதிலாக, ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு சிறு பிளேடுகளை வைப்பதால் உண்மையிலேயே நன்மை உண்டா?

உண்டு, ஆனால் சுமை மிகுந்த, அதாவது காற்றை மிகுதியாகத் திருப்ப வேண்டிய இடங்களில் மட்டுமே. மதுரையில் பொறியியல் மாணவர்களுக்கு இப்பாடத்தை நடத்துபவன் என்பதால், பலரும் சொல்லும் தவறான காரணம் ஒன்றையும் சேர்த்தே விளக்குகிறேன்.

கம்ப்ரெஸர் பிளேடு காற்றின் திசையைத் திருப்பி, அதன் வேகத்தைக் குறைத்து, அழுத்தத்தைக் கூட்டுகிறது. அழுத்தம் ஏறிக்கொண்டே போவதால், பிளேடின் குவிந்த பக்கத்தை ஒட்டி மெதுவாக ஓடும் மெல்லிய காற்றடுக்கான எல்லைப்படலம் தடித்து, ஒரு கட்டத்தில் பரப்பை விட்டே பிரிந்துவிடும். அந்த வரம்பைக் கணிக்க லீப்லைனும் அவருடன் பணியாற்றியவர்களும் 1953இல் தந்த டிஃப்யூஷன் ஃபேக்டர் என்ற சுமை அளவீட்டு எண் இன்றும் பயன்படுகிறது. அது ஏறத்தாழ 0.6ஐத் தாண்டினால் இழப்பு வேகமாக ஏறும். அதற்கு மேலும் காற்றைத் திருப்ப வேண்டிய இடத்தில்தான் இரட்டை பிளேடு கைகொடுக்கிறது.

இரண்டுக்கும் இடையிலுள்ள சந்தின் வழியே பாயும் காற்று, களைத்த எல்லைப்படலத்துக்குப் புதிய ஆற்றலை ஊட்டுகிறது என்றே பெரும்பாலும் எழுதுகிறார்கள். இது சரியான விளக்கமன்று. சந்தில் வருவதும் அதே ஓட்டத்தின் காற்றுதான். அதற்குக் கூடுதல் மொத்த அழுத்தம் (நிலை அழுத்தமும் வேகத்தால் வரும் அழுத்தமும் சேர்ந்தது) எங்கிருந்தும் கிடைப்பதில்லை. பின் பிளேடின் குவிந்த பக்கத்தில் காற்று விரைந்து செல்வதால், அதன் அருகே முடிவடைகிற முன்பக்க பிளேடை ஒட்டிய ஓட்டம் முழுவதுமாக வேகம் குறையாமலேயே வெளியேறிவிடுகிறது. பின் பிளேடிலோ மெல்லிய எல்லைப்படலம் புதிதாகத் தொடங்குகிறது. மதுரை விமான நிலையமுள்ள பெருங்குடிப் பக்கம் தரையிறங்கும் விமானங்களின் இறக்கைக்குப் பின்னால் நீளும் மடிப்புத் தகடான ஃபிளாப்பின் இடைவெளியும் இதே முறையில்தான் வேலை செய்கிறது என்பதை காற்றியக்கவியல் அறிஞர் ஏ.எம்.ஓ. ஸ்மித் 1975இல் வெளியிட்ட கட்டுரையில் தெளிவாக விளக்கியிருக்கிறார்.

ஆகவே இரண்டு பிளேடுகளும் எந்த நிலையில் அமைகின்றன என்பதே முக்கியம். பின் பிளேடின் முன்விளிம்பு, முன் பிளேடின் குழிந்த பக்கத்தை நெருங்கியிருக்க வேண்டும். எஞ்சினின் அச்சுத் திசையில் ஒன்றின் மேல் மற்றொன்று ஏறாமல், முன்னது முடியும் இடத்தில் பின்னது தொடங்குவது நல்லது. சந்து அகன்றுவிட்டால் இரண்டும் தனித்தனி பிளேடுகளைப் போல நடந்துகொள்ளும். பயன் பெரிதும் குறைந்துவிடும்.

சுமை குறைவாக உள்ள இடத்தில் ஒற்றை பிளேடே மேல். சுழலும் பிளேடு வரிசையான ரோட்டரில் இரண்டு பிளேடு முனைகளிலும் கசிவுச் சுழல் எழுவதாலும், சுவரோர ஓட்டம் சிக்கலாவதாலும், இருபரிமாணச் சோதனையில் தெரியும் ஆதாயத்தில் ஒரு பகுதி அங்கே கரைந்துபோகிறது. காற்றின் சுழற்சியை முழுவதும் நீக்கவேண்டிய கடைசி ஸ்டேட்டர் (சுழலாத பிளேடு) வரிசையே இதற்கு மிகப் பொருத்தமான இடம் என்பது என் கருத்து.